சுற்றாத திசையில் சுற்றும் காற்றாலை

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாக நென்மாறைக்குப் போகிறவர்கள், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி ராமக்கல்மேட்டுக்குப் போகிறவர்கள், உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி மறையூருக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கும்: அருவி, தேயிலை, காற்று, குளிர். அதே இடங்களில், கூடுதல் செலவு இல்லாமல், இன்னொன்றையும் பார்த்து வரலாம். நம் மூளை அசைவை எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் அது. கண்ணுக்குள் விழுவது வெளிச்சமும் நிழலும். அவற்றை வைத்து, "இது நகர்கிறது, இந்தப் பக்கமாக நகர்கிறது" என்று தீர்ப்புச் சொல்வது மூளை. ஆதாரம் குறைந்தால் ஊகிக்கும். ஊகம்தான் என்று நம்மிடம் சொல்லாது. பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில் அந்த ஊகத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தோதான இடங்கள் பல இருக்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் பள்ளிச் சுற்றுலா நடத்தும் ஆசிரியர்களுக்கும் இந்த அத்தியாயம் முக்கியமாகப் பயன்படும்.

அசைவைக் காண்பதற்கென்று மூளையில் தனிப் பகுதி உண்டு என்பதை ஒரு நோயாளி தெளிவாகக் காட்டினார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் யோசெஃப் சிலும் அவருடைய சகாக்களும் 1983-இல் அவரைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்ட பெண் அவர். நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, படிக்க முடிந்தது. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதாகத் தெரியும். நிரம்புவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது. தூரத்தில் நின்ற கார் அடுத்த கணம் பக்கத்தில் இருக்கும். இடையில் அது வந்த வழி அவருக்குக் கிடைக்காது. சாலையைக் கடப்பதே பெரும் பயமாகிவிட்டது. நமக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் கிடைப்பதாக நினைக்கும் அசைவு, மூளை ஓயாமல் உழைத்துத் தருவது.

எந்த இடத்திலும் ஒரு விதியை மறக்க வேண்டாம். "எந்தப் பக்கம் போகுது?" என்று கூட்டாகக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் முதலில் எழுதட்டும், பிறகு பேசட்டும். ஏன் என்பது கடைசியில் வரும்.

ராமக்கல்மேடு

நெடுங்கண்டத்திலிருந்து சுமார் 15 கி.மீ. மேட்டின் கிழக்கு விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு. கோம்பை, தேவாரம் பக்கத்து வயல்களும் தோப்புகளும் தெரியும். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம், காற்றாலைகள் நிற்கும் பக்கம் திரும்புங்கள். விளிம்பில் நின்றபடி இதைச் செய்ய வேண்டாம். காற்று ஆளைத் தள்ளும் இடம் அது, அதோடு அண்ணாந்து பார்க்கும்போது கால் தடுமாறும். சாலையோரமாக, சமதரையில் நில்லுங்கள்.

மாலையில் சூரியன் இறங்கி, வானம் வெளுப்பாகவும் காற்றாலை கன்னங்கரேல் என்றும் தெரிகிற நேரம்தான் சரியான நேரம். காற்றாலையின் நேர் முன்னாலோ நேர் பின்னாலோ நின்றால் ஒன்றும் நடக்காது. ஏறக்குறைய பக்கவாட்டில், இறக்கைகளின் வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகத் தெரியும் இடத்தைத் தேடுங்கள். தூரமாக இருப்பது நல்லது. உச்சிக்கு வரும் இறக்கையை மட்டும் கவனியுங்கள். அது உங்களை நோக்கிச் சாய்ந்து வருகிறது என்று முதலில் தோன்றலாம். பார்த்துக்கொண்டே இருந்தால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அதே இறக்கை உங்களை விட்டு விலகிப் போகத் தொடங்கும். காற்றாலை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் சுற்றுவது போல இருக்கும். வெளியே எதுவும் மாறவில்லை. உடனே வராவிட்டால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். ஒரு முறை திரும்பிவிட்டால் அடுத்த முறை சீக்கிரம் திரும்பும். சிலர் நினைத்த மாத்திரத்தில் திருப்பவும் பழகிவிடுகிறார்கள்.

காரணம் இதுதான். கறுத்த நிழலுருவில் இறக்கையின் மேடுபள்ளம் தெரியாது, வெயில் பட்ட பக்கம் எது, படாத பக்கம் எது என்று தெரியாது. தூரம் அதிகம் என்பதால் அருகிலுள்ள இறக்கைக்கும் தள்ளியுள்ள இறக்கைக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. வட்டத்தின் எந்த ஓரம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்கு விழித்திரையில் சாட்சியே இல்லை. வலது ஓரம் அருகில் என்று மூளை வைத்துக்கொண்டால் ஒரு திசை. இடது ஓரம் அருகில் என்று வைத்துக்கொண்டால் எதிர்த்திசை. இரண்டுமே கிடைத்த படத்துக்குச் சரியாகப் பொருந்தும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள மூளைக்கு வராது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது, சிறிது நேரம் கழித்து மற்றதற்கு மாறுகிறது.

மின்சாரக் காற்றாலைக்கு முந்தியது இந்த மயக்கம். ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்மித் 1738-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் மாவரைக்கும் காற்றாலையின் இறக்கைகளைப் பற்றி இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1860-இல் ஜெர்மானியர் சின்ஸ்டெடன் அந்தி வானத்தின் எதிரில் ஒரு காற்றாலையைப் பார்த்து இதையே விரிவாக எழுதினார். கைபேசிகளில் பலரும் பார்த்திருக்கும் சுழலும் நடனப் பெண்ணின் நிழலுருவம், ஜப்பானியர் நொபுயுகி கயஹாரா 2003-இல் உருவாக்கியது. அதிலும் இதே சூத்திரம்தான். திரையில் அரை அங்குலத்தில் பார்ப்பதைவிட, மலை மேல் பெரும் இரும்புத் தூணின் உச்சியில் பார்ப்பது வேறு அனுபவம். அவ்வளவு பெரிய பொருளைப் பற்றியும் மூளை ஊகம்தான் செய்கிறது என்பது அங்கேதான் உறைக்கும்.

இனி உண்மையான திசையைக் கண்டுபிடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி இது, விட்டுவிடாதீர்கள். பைனாகுலர் இருந்தால் கீழே இறங்கும் இறக்கை தூணைக் கடக்கும் கணத்தைப் பாருங்கள். இறக்கை தூணை மறைத்தால் காற்றாலையின் முகம் உங்கள் பக்கம். தூண் இறக்கையை மறைத்தால் முதுகுதான் உங்கள் பக்கம். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும். இன்னொரு வழி காற்று. இன்றைய காற்றாலைகள் காற்றை எதிர்கொண்டு நிற்கும். காற்று திரும்பினால் தலையை அதன் பக்கம் திருப்பிக்கொள்ளும். காற்று வரும் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அவை பெரும்பாலும் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். கண்ணை மூடி, இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் சமமாகக் கேட்கும்வரை முகத்தைத் திருப்புங்கள். அந்தத் திசையைத்தான் ஏறக்குறைய காற்றாலையும் பார்த்துக்கொண்டிருக்கும். கண் குழப்பியதைக் காது தீர்த்துவைக்கும்.

ராமக்கல்மேடு தூரம் என்பவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. ஜூன் முதல் மேற்கிலிருந்தும், கார்த்திகை பிறந்தால் கிழக்கிலிருந்தும் காற்று அதற்குள் புகுந்து ஓடுகிறது. பின்னதைப் பாலக்காட்டார் விருச்சிகக் காற்று என்பார்கள். இந்தக் காற்றை நம்பித்தான் 1995-இல் கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பதை நட்டது. ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடிக்குள் போனால் அகளி பக்கமும் காற்றாலைகளைப் பார்க்கலாம். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் இதில் சேர வேண்டாம்.

லக்கம் அருவி

மறையூரிலிருந்து மூணாறு போகும் வழியில், இரவிகுளம் தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது. சின்னாறு காட்டுக்குள் சாலையிலிருந்தே தூவானம் அருவி தெரியும்; ஆனால் அது தூரம், தவிர யானை நடமாடும் காட்டில் வண்டியை விட்டு இறங்கி நின்று பார்க்க முடியாது. நமக்கு வேண்டியது கிட்டத்தில் விழும் நீரும் அதை ஒட்டிய பாறையும். லக்கத்தில் இரண்டும் உண்டு. மழைக்காலம் முடிந்த சில மாதங்கள் நல்லது. கோடையில் நீர் மெலிந்துவிட்டால் மயக்கமும் மெலிந்துவிடும்.

ஈரப் பாறையில் ஏறாமல், தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். விழும் நீரின் நடுவே அசையாத ஒரு புள்ளி வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் கல்முனை ஒன்று போதும். நீரோடு சேர்ந்து கண் கீழே இறங்கக் கூடாது. ஒரு நிமிடம் அந்தக் கல்முனையையே பாருங்கள். பிறகு பார்வையை மட்டும் பக்கத்துப் பாறைக்கு மாற்றுங்கள். பாறை மேலே ஏறும். அதில் ஒட்டியிருக்கும் பாசியும் சேர்ந்து ஏறும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னும் விசித்திரமான ஒன்று பிடிபடும்: ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை. பாசி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில நொடிகளில் எல்லாம் அடங்கிவிடும்.

ஓடும் நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிற்கும் பொருளும் நகர்வதாகத் தோன்றுவதை அரிஸ்டாட்டிலே கவனித்திருக்கிறார். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் பாறை ஏறுவதைக் கண்டு எழுதினார். அருவி மயக்கம் என்ற பெயர் பிற்பாடு வந்தது. விளக்கம் கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. கீழ்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் நரம்பணுக்கள் ஒரு கூட்டம், மேல்நோக்கியதற்கு ஒரு கூட்டம். எதுவும் நகராதபோது இரண்டும் மெல்லச் சமமாகத் துடித்துக்கொண்டிருக்கும். தராசு நேராக நிற்கும், மூளை அதை "அசைவில்லை" என்று வாசிக்கும். அருவியைப் பார்த்தபடி ஒரு நிமிடம் இருந்தால் முதல் கூட்டம் ஓய்ந்துவிடுகிறது. பாறைக்குப் பார்வை மாறும்போது இரண்டாம் கூட்டத்தின் பக்கம் தட்டு தாழ்ந்திருக்கிறது. மூளை அதை வாசித்து, மேலே போகிறது என்கிறது. இத்தகைய ஓய்வை பார்லோவும் ஹில்லும் 1963-இல் முயலின் விழித்திரை நரம்பணுக்களில் நேரடியாக அளந்து காட்டினார்கள். பாறை ஏறியும் இடம் மாறாததற்குக் காரணம், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு மூளை வேறு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஓயவில்லை.

ஓய்வது கண்ணா, மூளையா என்று அங்கேயே சோதிக்கலாம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் மட்டும் ஒரு நிமிடம் அருவியைப் பாருங்கள். இப்போது வலதைப் பொத்தி, அருவியையே பார்க்காத இடது கண்ணால் பாறையைப் பாருங்கள். வேகம் குறைவாக இருக்கும், ஆனாலும் பாறை ஏறும். இரண்டு கண்களின் செய்தியும் ஒன்று சேர்வது மூளைக்குள்தான். முயலைப் போலன்றி நமக்கு ஓய்வின் பெரும்பகுதி அங்கே நடக்கிறது என்பதற்கு, எந்தக் கருவியும் இல்லாத சாட்சி இது.

ஒலவக்கோட்டு நடைமேடை

ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு சந்திப்பில் உங்கள் வண்டி நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி கிளம்பினால், நாம் கிளம்பிவிட்டோம் என்றே உடம்பு நம்பும். இது எல்லாரும் அறிந்தது, ஆனால் ஏன் நம்புகிறது என்பது சுவையானது. உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு வேகம் கூடுவதையும் குறைவதையும் மட்டுமே உணரும். சீரான வேகத்தில் அது மௌனம். ரயில் மெதுவாகக் கிளம்பும்போதும் அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆகவே கண் சொல்வதை மறுக்க ஆளில்லை. ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு எதுவாவது நகர்ந்தால், உலகம் நகர்கிறது என்பதைவிட நான் நகர்கிறேன் என்பதே வழக்கமான உண்மை. மூளை வழக்கத்தின் பக்கம் நிற்கிறது. எதிர்ப்பக்க ஜன்னலில் டீக்கடையைப் பார்த்தால் ஒரே நொடியில் தெளியும்.

பாலக்காடு டவுனிலிருந்து பொள்ளாச்சி போகும் வண்டியில் ஏறினால் இன்னொன்றும் கிடைக்கும். கொல்லங்கோட்டுக்கும் முதலமடைக்கும் இடையில் நடுத்தூரத்துப் பனை ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பாருங்கள். அதற்கு இப்பால் உள்ள மாமரங்கள் பின்னோக்கி ஓடும். அதற்கு அப்பால் நெல்லியாம்பதி மலை நம்மோடு கூடவே முன்னோக்கி வரும். மலை நம்மைத் தொடர்கிறது என்று குழந்தைகள் சொல்வது கற்பனையில்லை, கண் எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதுதான் அசையாத மையம்.

நென்மாறைப் பந்தலும் கூத்துமாடமும்

மீனமாதம் 20-ஆம் நாள், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், நென்மாறை வல்லங்கி வேலா என்ற திருவிழா நடக்கும். நென்மாறை, வல்லங்கி என்ற இரண்டு ஊராரும் போட்டி போட்டுக்கொண்டு எழுப்பும் அலங்காரப் பந்தல்களில் விளக்குகள் ஓடும், சுழலும், பூவாக விரியும். எந்த விளக்கும் ஓரங்குலம்கூட நகரவில்லை. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே ஒரே ஒரு விளக்கைப் பாருங்கள். எரிந்து அணையும், அவ்வளவுதான். குழலை எடுத்தவுடன் ஓட்டம் திரும்பிவிடும். ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி சுமார் 30 மில்லிநொடி என்றால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 200 மில்லிநொடி என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. 60-ஐ ஒட்டி வைத்தபோது ஒரே கோடு நகர்ந்தது. இடையில் இல்லாத பாதையை மூளை போட்டுக் கொடுக்கிறது. சினிமா பிழைப்பதும் இதனால்தான். வலிப்பு நோய் உள்ளவர்கள் விட்டுவிட்டு எரியும் இந்த விளக்குகளை உற்றுப் பார்க்காமல் இருப்பது நல்லது.

எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகப் பிடித்தது தோல்பாவைக்கூத்து. எல்லையிலிருந்து சற்று உள்ளே போக வேண்டும். ஷொரணூர் அருகே கூனத்தறை இதன் முக்கிய ஊர். அவ்வூர்க் கலைஞர் கே.கே. ராமச்சந்திர புலவர் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். மலையாள நாட்டுப் பகவதி கோயில்களில் கம்பராமாயணம் தமிழிலேயே இரவு முழுதும் ஒலிக்கிறது. நம் வாசகர்கள் இதற்காகவாவது ஒரு முறை போக வேண்டும். தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவணப் போரைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காகவே கூத்து நடக்கிறது என்பது ஐதீகம். அதனால் ஆள் வராவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. ஏறக்குறைய ஜனவரி முதல் மே வரை காலம். கூத்துமாடத்தில் நீண்ட வெள்ளைத் துணி, பின்னால் வரிசையாக 21 தேங்காய்மூடி விளக்குகள்.

பாவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கை மட்டுமே அசையும். பல பாவைகள் திரையில் நிறுத்தப்பட்டு நெடுநேரம் அப்படியே இருக்கும். ஆனாலும் அவை உயிரோடு இருப்பதாகவே தெரியும். முதலில் சுடரைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுடரும் வேறு வேறு வீச்சில் ஆடுவதால் நிழலின் ஓரம் நடுங்குகிறது. தோலில் உளியால் குத்திய துளைகள் மினுங்குகின்றன. அசையாத ராமன் மூச்சு விடுவதாகத் தோன்றுவது அதனால்தான். அடுத்து, பாவையைத் துணியோடு அழுத்தும்போது நிழல் கூர்மையாக இருக்கும். விளக்குப் பக்கமாகச் சற்று இழுத்தால் ஓரம் கலங்கிப் பருக்கும். பாவையை ஆட்டும் புலவர் இரண்டு விரற்கடை இழுத்துவிட்டு அழுத்தினால் திரையில் ஒரு வீரன் பாய்ந்து வருகிறான். மூன்றாவது, குரல். குரல் வருவது திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்து. ஆனால் எந்தப் பாவையின் கை அசைகிறதோ அதன் வாயிலிருந்து வருவதாகவே கேட்கும். கண்ணை மூடுங்கள், குரல் இடம் பெயர்ந்து உண்மையான இடத்துக்குப் போய்விடும். திறவுங்கள், பாவைக்குத் திரும்பிவிடும். சில நிமிடங்கள் இப்படிச் செய்துவிட்டு, சோதனையை விட்டுவிட்டுக் கூத்தைப் பாருங்கள். இத்தனை தெரிந்த பிறகும் ராவணன் அசையத்தான் செய்வான். தெரிந்துகொள்வதால் மயக்கம் விலகுவதில்லை.

இரவும் திரும்பும் வழியும்

மறையூர், நெல்லியாம்பதி போன்ற இடங்களில் இரவு தங்கினால், இருட்டில் எதிர்மலையில் தனியாக எரியும் ஒரே ஒரு விளக்கைத் தேடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பார்த்தால் அது மெல்ல அலையத் தொடங்கும். 1799-இல் டெனரீஃப் தீவில் ஹும்போல்ட் விண்மீன்கள் இப்படி அலைவதைக் கண்டு, அவையே அசைகின்றன என்று கருதினார். கண் ஒருபோதும் முழுதாக நிற்பதில்லை. சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாதபோது அந்தச் சிறு நழுவல் விளக்கின் மேல் ஏற்றப்பட்டுவிடுகிறது. ஜன்னல் சட்டம் பார்வையில் படும்படி நகர்ந்து நின்றால் விளக்கு நின்றுவிடும். முசாபர் ஷெரீஃப் 1935-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி அலையும் புள்ளி எவ்வளவு தூரம் போனது என்று ஒவ்வொருவரையும் தனியே கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டபோது எல்லாரும் ஒரே அளவுக்கு நெருங்கி வந்தார்கள். துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

வண்டி ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒன்று. அருவியில் நடந்த ஓய்வு நெடுஞ்சாலையிலும் நடக்கிறது. வாளையார் தாண்டித் தேசிய நெடுஞ்சாலை 544-இல் நெடுநேரம் வேகமாக வந்துவிட்டு ஊர்ச்சாலைக்குள் இறங்கினால், 60 கி.மீ. வேகம் ஊர்ந்து போவதாகத் தெரியும். பிரேக் பிடித்தது போதும் என்று கால் தானாக எடுபடும். போடிமெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடித்துச் சமவெளியைத் தொடும்போது இதற்கு நேர்மாறாக, சாதாரண வேகமே அதிகமாகத் தோன்றும். பிரிட்டனில் 1970-களில் சுற்றுச் சந்திப்புகளுக்கு முன்னால் இடைவெளி குறைந்துகொண்டே போகும் மஞ்சள் கோடுகளைச் சாலையின் குறுக்கே போட்டது, இந்த மயக்கத்துக்கு எதிராக இன்னொரு மயக்கத்தை ஏவத்தான். ஒரே வேகத்தில் போனாலும் வேகம் கூடுவதாகத் தோன்றி ஓட்டுநர் பிரேக் பிடிப்பார். அந்தக் கோடுகள் இல்லாத சாலையில் முதல் சில கிலோமீட்டருக்குக் கண்ணை நம்பாமல் ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது.